திட்டமும் செயலும்

நல்ல திட்டம் ஒன்றைத் தீட்டிவிட்டால் நாடு செழித்துவிடும் என்று எண்ணுவோர் பலர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் தாயாருக்கு நீரிழிவு மாத்திரை பெறுவதற்காக அரசு மருத்துவமனை ஒன்றின் வரிசையில் மாதந்தோறும் நிற்கத் தொடங்கிய பிறகே அவ்வெண்ணம் மாறிற்று. ஏழைக்கு மருந்து இலவசம் என்பது கொள்கை. அம்மருந்து இன்று இந்தச் சன்னலில் இருக்கிறதா என்பது நிர்வாகம். முன்னது எவ்வளவு உயர்ந்ததாயினும் பின்னது தவறினால் நோயாளி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஒருநாள் நாங்களும் அவ்வாறு திரும்பினோம்.

பத்து மேசைகள்

அமைச்சரவை முடிவெடுக்கிறது, துறைச் செயலகம் அரசாணை பிறப்பிக்கிறது, பின்னர் இயக்குநர், மாவட்ட அலுவலர், கண்காணிப்பாளர், எழுத்தர் எனப் பல படிகளைக் கடந்தே அது மக்களை அடைகிறது. பிரஸ்மன், வில்டாவ்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஓக்லண்ட் நகர வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒப்புதல் பெற வேண்டிய இடங்கள் பெருகப் பெருகத் திட்டம் நிறைவேறும் வாய்ப்புச் சுருங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கோப்பு 10 மேசைகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் அது தடையின்றி நகர 100க்கு 90 வாய்ப்பு என்று கொள்வோம். பத்தையும் கடக்கும் வாய்ப்பு 90 அன்று. ஏறத்தாழ 35 மட்டுமே! எம்மேசையிலும் தீயவர் எவருமில்லை. ஆயினும் திட்டம் சாய்கிறது. குறை மனிதரிடம் மட்டுமன்று, அமைப்பிலும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

ஒரு சான்று

அமைப்பைத் திருத்தினால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நல்ல சான்று. 1994இல் அரசு நிறுவனமாகப் பதிவு பெற்ற இக்கழகம் 1995இல் மருந்து வழங்கத் தொடங்கியது. இலவச மருந்து என்னும் கொள்கை அதற்கு முன்பும் இருந்ததே. கழகம் மாற்றியது கொள்கையை அன்று, வேலை நடக்கும் முறையை.

முதலாவதாக, இன்றியமையாத மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயரால் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரால் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரினர். தகுதி உறையை முதலிலும் விலை உறையைப் பின்னரும் பிரித்தனர். இரண்டாவதாக, மாவட்டங்களில் கிடங்குகள் அமைத்து, இருப்பு விவரம் கணினி வழியே தலைமையகத்திற்குத் தெரியச் செய்தனர். மூன்றாவதாக, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவது போன்ற ஒரு பாஸ்புத்தகம் அளித்தனர். தன் ஒதுக்கீட்டுத் தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை மருத்துவமனையே கேட்டுப் பெறலாம். நான்காவதாக, வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். தேறிய மருந்தே கிடங்கை விட்டு வெளியேறும்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. வாங்குவதை ஓரிடத்தில் குவித்தனர், தேர்ந்தெடுப்பதைப் பரவலாக்கினர். மொத்தமாக வாங்குவதால் விலை குறையும். ஆனால் எந்த ஊரில் எந்நோய் மிகுதி என்பதை அவ்வூர் மருத்துவரே அறிவார். எதைக் குவிப்பது, எதைப் பகிர்வது என்று அறிவதே நிர்வாகக் கலை. பின்னாளில் கேரளம், இராசத்தான் முதலிய மாநிலங்களும் இத்தகைய கழகங்களை நிறுவின.

கடைசி மேசை

அப்படியாயின் அன்று எங்களுக்கு மாத்திரை கிடைக்காதது ஏன்? மருந்தாளுநரிடமே கேட்டேன். "கிடங்கில் இருக்கிறது தம்பி. இங்கே ஸ்டோர் பார்க்கிற இடம் காலி. கேட்புப் படிவம் போகத் தாமதமாகிவிட்டது" என்றார். அவர் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர்மேல் எனக்குச் சினம் எழவில்லை. ஒன்பது மேசைகள் ஒழுங்காய் இயங்கியும் பத்தாவது மேசை வெற்றிடமாயிருந்தது. அவ்வளவே. அம்மா ஒரு வாரம் மாத்திரையின்றி இருந்தார்.

வினைக்குரியவனை ஆராய்ந்து அமர்த்துவதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். அமர்த்த வேண்டிய இடத்தை அமர்த்தாமலே விட்டுவிட்டால் எத்திட்டமும் ஏட்டுச் சுரைக்காயே.

நாளை நம்மில் பலர் தேர்வாணையத் தேர்வெழுதி அம்மேசைகளில் அமரக்கூடும். நம் முன் வரும் ஒவ்வொரு தாளுக்கும் மறுமுனையில் எவரோ ஒருவர் வரிசையில் நிற்கிறார் என்பதை மறவாதிருப்போமாக.