ஜிம்மில் அந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சம்?

விழுப்புரம் - திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது என் ஊர் கெடார். அங்கிருந்து பஸ் பிடித்து விழுப்புரத்தில் ஒரு ஜிம்முக்குப் போக ஆரம்பித்தபோது முதல் வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. டிரெட்மில், சைக்கிள், டம்பெல் எல்லாம் ஜாலியாகவே போனது. இரண்டாவது வாரம் மாஸ்டர் ஒரு பெஞ்சைக் காட்டினார். “தோளை இதுல சாய்ச்சு உட்காருங்க மேடம். கம்பியை இடுப்பு மேல வெச்சு, அப்படியே இடுப்பை மேல தூக்குங்க” என்றார்.

பாதி தூக்கும்போதே கண்ணாடியில், பின்னால் நின்ற ரெண்டு பேர் தெரிந்தார்கள். மூணாவது தடவைக்கு மேல் என்னால் முடியவில்லை. “கால் வலிக்குது மாஸ்டர்” என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன்.

பிறகு தோழிகளிடம் கேட்டால், எல்லோரிடமும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. ‘லெக் டே’ அன்று மட்டும் லீவு போடுபவர், சுவர் ஓரமாக மேட்டை இழுத்துப் போட்டுக்கொள்பவர், பயிற்சியையே விட்டுவிட்டவர் எனப் பலர். ஆண்களுக்கும் இது இருக்கிறது. ‘இதெல்லாம் லேடீஸ் பண்றது’ என்று சொல்லி அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது? அதில் எவ்வளவு நம் கற்பனை, எவ்வளவு நிஜம்?

முதலில், இந்தத் தசை எதற்கு?

ஜிம்மில் ‘க்ளூட்ஸ்’ என்று சொல்வது பிட்டத் தசைகளைத்தான். தமிழில் சொன்னால் சிரிப்பு வரும் என்பதாலேயே பலரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். கூச்சம் பேரிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறது.

ஒவ்வொரு பக்கமும் மூன்று முக்கியத் தசைகள் உண்டு: குளூட்டியஸ் மேக்ஸிமஸ், மீடியஸ், மினிமஸ். நம் உடலிலேயே பெரிய தசை மேக்ஸிமஸ்தான். குனிந்து நிமிர, தரையிலிருந்து எழுந்திருக்க, படியேற, குடத்தைத் தூக்க இதன் பலம் வேண்டும். மற்ற இரண்டும் பக்கவாட்டில் இருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கின்றன. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடி ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருப்பது இவற்றால்தான்.

ஆக, இது ‘ஷேப்’ சமாச்சாரம் மட்டுமில்லை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களுக்கும், எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளும் நம் அம்மாக்களுக்கும் தேவையான பலம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சியும் பரிந்துரைக்கிறது. ஆனால் 2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான கணக்கீட்டின்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் இது 42 சதவீதம். ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் பெண்களைத்தான் இந்தக் கூச்சம் மேலும் பின்னால் இழுக்கிறது.

அசைவு புதுசா, இடம் புதுசா?

பார்பெல்லை வைத்துச் செய்யும் ஹிப் த்ரஸ்ட் சமீபத்தில் பிரபலமானது. அமெரிக்கப் பயிற்சியாளர் பிரெட் கான்ட்ரெராஸ் 2006-ல் தன் வீட்டு கராஜில் இதை முயன்று பார்த்து, பிறகு உலகம் முழுக்கப் பரப்பினார். ஸ்குவாட்டில் கீழே உட்காரும்போது பாரம் அதிகம் தெரியும். இதிலோ இடுப்பு மேலே வந்து நேராகும் இடத்தில்தான் தசைக்கு முழு வேலை. அதனால்தான் அந்தக் கோலத்திலேயே ஒரு நொடி நிற்கச் சொல்கிறார்கள். கூச்சப்பட வைப்பதும் அந்த ஒரு நொடிதான்.

ஆனால் இந்த அசைவு நமக்குப் புதிதா? எனக்கு இது உறைத்தது வீட்டில்தான். ஜிம்மில் முடியாததை வீட்டில் பழகலாம் என்று பாய் விரித்துப் படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த அம்மா, “இது இடுப்பு வலிக்கு எனக்கு ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்ததாச்சே!” என்றார்.

உண்மைதான். பிசியோதெரபியில் இது ‘பிரிட்ஜிங்’. யோகா வகுப்பில் இதுவே சேதுபந்தாசனம். அங்கே இருபது பேர் வரிசையாக இடுப்பைத் தூக்கினாலும் யாரும் நெளிவதில்லை. பிள்ளையார் கோயிலில் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுகிறோமே, அது கிட்டத்தட்ட ஸ்குவாட். நாற்று நடும் பெண்கள் மணிக்கணக்கில் இடுப்பை மடக்கிக் குனிந்தே நிற்கிறார்கள். ஜிம்மில் டெட்லிஃப்ட் செய்யும்போதும் மடங்குவது அதே இடுப்புதான்.

இன்னொன்று. விழுப்புரம், மல்லர் கம்பத்துக்குப் பேர்போன ஊர். சின்னப் பையன்களும் பெண் பிள்ளைகளும் கம்பத்திலும் கயிற்றிலும் தலைகீழாக வளைந்து நிற்பதைப் பார்த்து ஊரே கைதட்டும். யாரும் அதை ‘ஒரு மாதிரி’ என்று சொல்வதில்லை.

கோயிலில் பக்தி, வயலில் வேலை, மருத்துவமனையில் சிகிச்சை, மைதானத்தில் வித்தை. எல்லாவற்றுக்கும் ஊர் ஒப்புக்கொண்ட காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு பெண் தன் உடம்புக்காக மட்டும் இதைச் செய்தால், அதற்கு அப்படியொரு காரணம் இன்னும் கிடைக்கவில்லை. கூச்சம் உருவாவது அந்த இடைவெளியில்தான்.

எல்லோரும் நம்மையேதான் பார்க்கிறார்களா?

இதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு: ‘ஸ்பாட்லைட் எஃபெக்ட்’. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்கு, அவர்கள் வெட்கப்படும் வகையில் பாடகர் பேரி மேனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ‘பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள்’ என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள் மாணவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான்.

ஜிம்மிலும் இதே கதைதான். அடுத்தவர் கண்ணாடியில் பார்ப்பது பெரும்பாலும் அவரது கையை, அவரது தொப்பையை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாலு பேர் பார்க்கும்போது, நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும், புதிதாகக் கற்கும் வேலை சொதப்பும். உளவியலாளர் ராபர்ட் ஸாயான்ஸ் 1965-லேயே இதை விளக்கினார். முதல் நாளே ஜிம் நடுவில் கற்றுக்கொள்ள முயன்றால் தடுமாறுவது இயல்பு. அதற்காக நமக்கு வரவே வராது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நிஜமாகவே பார்த்தால்?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, ‘யாரும் பார்க்கலை, தைரியமா பண்ணுங்க’ என்று முடித்துவிட்டால் அது அரைகுறை அறிவுரை. முறைப்பது, கமென்ட் அடிப்பது, செல்ஃபி எடுப்பது போல போனைத் திருப்புவது எல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. அது நம் கற்பனை இல்லை, தன்னம்பிக்கைக் குறைவும் இல்லை. எதிரில் இருப்பவரின் தவறு.

பெண்ணின் மாண்பை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசும் சொல், காட்டும் சைகை, செய்யும் செயல் ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-ல் கொண்டுவந்த தனிச் சட்டமும் இருக்கிறது. உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். படமோ வீடியோவோ இணையத்தில் பரவினால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் தரலாம்.

என்ன செய்யலாம்?

* வீட்டில் தொடங்குங்கள்: எடை இல்லாமல், பாயில் பிரிட்ஜ். 10 முறை வீதம் 2 அல்லது 3 செட். உடம்பு பழகிய பிறகு ஜிம்மில் செய்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.
* இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்: பின்னால் சுவர் இருக்கும்படி பெஞ்சைத் திருப்பிப் போடச் சொல்வது உங்கள் உரிமை. கூட்டம் குறைந்த நேரம், லேடீஸ் பேட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.
* உடை: லூஸ் டி-ஷர்ட், டிராக் பேன்ட் போதும். சென்னை ‘மெட்ராஸ் பார்பெல்’ ஜிம்மில் 56 வயதுப் பெண் ஒருவர் புடவையிலேயே எடை தூக்கிய வீடியோ 2022-ல் வைரலானது. முட்டி, கால் வலியால் 52 வயதில் பயிற்சியைத் தொடங்கியவர் அவர்.
* மாற்றுப் பயிற்சி: ஹிப் த்ரஸ்ட் வேண்டவே வேண்டாம் என்றால் ஸ்டெப்-அப், லஞ்ச், ஸ்குவாட் இருக்கின்றன. அவையும் இந்தத் தசைகளுக்கு வேலை கொடுக்கும்.
* தொட்டுத் திருத்தும் முன் கேட்கச் சொல்லுங்கள்: “மாஸ்டர், வாயால சொல்லுங்க, நான் பண்றேன்” என்று சொல்வதில் தப்பே இல்லை.
* வலி இருந்தால்: டிஸ்க் பிரச்சினை, கர்ப்பம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய காலம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

ஜிம் நடத்துபவர்களுக்கும் வேலை இருக்கிறது. பயிற்சி இடத்தில் போன் கேமராவுக்குத் தடை என்று ஒரு போர்டு, மறைவாக ஒரு மூலையில் ரெண்டு மேட், ஒரு பெண் பயிற்சியாளர். இதற்கெல்லாம் ஒரு டிரெட்மில் வாங்கும் செலவுகூட ஆகாது, பெண் பயிற்சியாளரின் சம்பளத்தைத் தவிர.

ஒரு மாதம் பாயில் பழகிவிட்டு, நான் மறுபடியும் அந்த பெஞ்சுக்குப் போனேன். “இதைச் சுவர் பக்கம் திருப்பிப் போடலாமா மாஸ்டர்?” என்று கேட்டேன். ஒன்றுமே சொல்லாமல் திருப்பிப் போட்டுவிட்டார். அன்று 12 தடவை தூக்கினேன். கூச்சம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் கால் வலிக்கிறது என்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் நிஜமாகவே வலித்தது.