அலறலுக்கு முன்னால் என்ன நடந்தது?

மாலை நேரத்துத் தாம்பரம் சண்முகம் சாலை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் தரையில் விழுந்து அலறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள, இன்னும் பேச்சு வராத பிள்ளை. "ரெண்டு போட்டா அடங்கிடும்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா காய்கூட வாங்காமல் ஆட்டோ பிடித்து வீடு திரும்புவார்.

நடத்தைப் பகுப்பாய்வு கற்றவர், அலறலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று நோட்டில் எழுதிவரச் சொல்வார். முன்னால் ஹாரன் சத்தமும் நெரிசலும், பின்னால் வீடு. அலறினால் இந்த இரைச்சலிலிருந்து தப்பலாம் என்று பிள்ளை கற்றிருக்கிறான். இன்னொரு பிள்ளையின் அலறலுக்கு அர்த்தம் 'போன் கொடு' என்பதாக இருக்கலாம். வெறும் காது வலியாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். காரணம் தேடாமல் தொடங்கும் எந்தத் தெரபியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

காரணம் தெரிந்துவிட்டால், அலறல் செய்த வேலையைச் செய்ய வேறொரு வழி கற்றுத் தரலாம். 'போகலாம்' என்று காட்டும் ஒரு பட அட்டை போதும். வீட்டில் பழக்கிய பிறகு கடைத்தெருவில் அவன் அட்டையை நீட்டினால், அந்த நொடியே கிளம்ப வேண்டும். முதல் வாரங்களில் ஒரு கடையோடு திரும்ப நேர்ந்தாலும் சரி. காத்திருக்கும் நேரத்தைப் பிறகு மெல்லக் கூட்டலாம்.

வீட்டில் பெரும்பாலும் சறுக்குவது வேறோர் இடத்தில். அழுதால் போன் கிடையாது என்று முடிவெடுத்ததும், அழுகை குறைவதற்கு முன் கூடவும் செய்யலாம். அந்த உச்சத்தில் தாத்தா மனம் இளகிப் போனை நீட்டிவிட்டால், இவ்வளவு உரக்க அழ வேண்டும் என்பதே பிள்ளை கற்ற பாடம். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசாமல் இதைத் தொடங்கவே கூடாது.

நடத்தைப் பகுப்பாய்வுத் துறைக்குக் கறையும் உண்டு. 1960-களில் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் பிள்ளைகளை அறைந்தார், மின்னதிர்ச்சி கொடுத்தார். வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் வழக்கமான பள்ளியில் முதல் வகுப்பை முடித்ததாக 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் இம்முறையை உலகெங்கும் கொண்டுபோனது. இப்பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான பலர், கையை உதறாதே, கண்ணைப் பார் என்று ஓயாமல் திருத்தியது தங்களைக் காயப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு நாம் செவிகொடுக்க வேண்டும். யாருக்கும் தீங்கு செய்யாத கை உதறலை ஏன் நிறுத்த வேண்டும்?

இப்படிக் காரணம் தேடிக் கற்றுத் தரும் உதவிக்கு எங்கே போவது? முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் பம்மலிலிருந்தோ பெருங்களத்தூரிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வாரத்தில் பல நாள் அங்கே போய்வர எத்தனை தாய்மார்களால் முடியும்? தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது, 70 வார்டுகள். மாநகராட்சிப் பள்ளிகளில் மாலை வேளையில் ஓர் அறையும் முறையாகப் படித்த ஒரு பயிற்சியாளரும் வேண்டும். அம்மாவை வெளியே காத்திருக்கச் சொல்லாமல், உள்ளே உட்காரவைத்து அவருக்கும் கற்றுத் தர வேண்டும். வார்டு உறுப்பினரிடம் பெற்றோர் சேர்ந்து போய் இதைக் கேட்கலாம்.