கல்வெட்டுத் தரவுத்தளத்தில் தரவுவகைப் பொருத்தம்: வேதாரண்யத்தை முன்வைத்து

முன்னுரை

'வேதாரண்யம் விளக்கழகு' என்பது டெல்டா மக்களின் வழக்கு. திருமறைக்காடு எனத் தேவாரம் குறிக்கும் இவ்வூர்த் திருக்கோயிலில் முதலாம் பராந்தகன் (907–955) காலக் கல்வெட்டுகள் உள்ளிட்ட சோழர் கல்வெட்டுகள் உள்ளன. விளக்குக்கொடை, நிலக்கொடை பற்றிய செய்திகளை அவை தருகின்றன. இத்தகைய கல்வெட்டுகளின் செய்திகளைக் கணினித் தரவுத்தளமாக ஆக்கும் முயற்சியில் பெரும்பாலும் கவனிக்கப்படாத சிக்கல் ஒன்று உண்டு. நிரல்மொழி ஒரு மதிப்பை ஒரு வகையாகக் கொள்கிறது. தரவுத்தளத்தின் நெடுவரிசை அதனை வேறொரு வகையாகச் சேமிக்கிறது. இவ்விரண்டும் பொருந்தாதவிடத்துக் கல்லில் உள்ளது ஒன்றாகவும் ஆய்வாளர் பெறுவது மற்றொன்றாகவும் அமைந்துவிடும். எழுத்து, அளவு, காலம், இன்மை ஆகிய நான்கு நிலைகளில் இப்பொருத்தம் அமைய வேண்டிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்து

தமிழ் இலக்கணம் உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்கிறது. ஒருங்குறி முறையோ அகரம் நீங்கிய உயிர்மெய்யை மெய்க்குறி, உயிர்க்குறி என இரு குறிகளாகக் கொள்கிறது. புள்ளியும் தனிக்குறியே. எனவே 'வேதாரண்யம்' இலக்கணப்படி 6 எழுத்து. ஜாவா, பைத்தான் மொழிகள் தரும் நீளம் 10. யூடிஎஃப்-8 முறையில் அது 30 பைட்டு. 'திருமறைக்காடு' 7 எழுத்து, 13 குறி, 39 பைட்டு.

நிரல்மொழியின் சர வகைக்கு நிகராகத் தரவுத்தளத்தில் வார்சார் வகை அமைகிறது. ஆயின் வார்சார் 30 என்பதன் பொருள் எங்கும் ஒன்றன்று. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவை 30 குறிகள் எனக் கொள்கின்றன. ஆரக்கிளின் வார்சார்2 இயல்பாக 30 பைட்டு எனக் கொள்கிறது. அத்தகைய நெடுவரிசையில் வேதாரண்யம் சரியாக அடங்கும். அதே ஊரின் பழம்பெயர் அடங்காது. ஆதலின் நீளத்தைக் குறியளவில் வரையறுப்பதும், கல்வெட்டுப் பாடத்தை டெக்ஸ்ட் வகையில் வைப்பதும் தகும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 'கொ' என்பதை ஒற்றை ஒகரக்குறி கொண்டும் எழுதலாம். எகரக்குறியையும் கால்குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டையும் பொதுவாகத் தரவுத்தளம் வேறுவேறு சொல்லாகவே ஒப்பிடும். பதிவதற்கு முன்பே ஒரே வடிவத்திற்கு மாற்றாவிடில் தேடலில் சில பதிவுகள் விடுபடும்.

அளவு

நில அளவே இச்சிக்கலின் மையம். வேலியின் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றை நிரலில் மிதவைப்புள்ளி எண்ணாகவும் தரவுத்தளத்தில் ஃப்ளோட் அல்லது டபுள் வகையாகவும் கொள்வது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். அவ்வகைகள் ஈரடிமான எண்முறையில் அமைந்தவை. பகுதியில் 5 என்னும் காரணி எஞ்சும் பின்னம் அம்முறையில் முடிவுறாது. மா, காணி, முந்திரி மூன்றிலும் அக்காரணி உண்டு. இருமா என்பது பத்தில் ஒன்று. பத்து இருமாக்களை டபுள் வகையில் ஒவ்வொன்றாகக் கூட்டினால் 1 வேலி வராது, 0.9999999999999999 வரும். 'சரியாக ஒரு வேலி கொண்ட கொடைகள்' எனத் தேடும் ஆய்வாளருக்கு அக்கொடை கிடைக்காது.

இதற்கு இரு தீர்வுகள் உள. முதலாவது பதின்மான வகை. ஜாவாவின் பிக்டெசிமல், பைத்தானின் டெசிமல் ஆகியவை தரவுத்தளத்தின் டெசிமல் அல்லது நியூமெரிக் வகையுடன் பொருந்தும். முந்திரி 0.003125 ஆதலின் ஆறு பதின்ம இடம் போதும். முந்திரியிலும் முந்நூற்றிருபதில் ஒன்றாகிய கீழ்முந்திரிக்குப் பன்னிரண்டு இடம் வேண்டும். ஆய்வாளர் பலர் கையாளும் எஸ்கியூலைட்டில் பதின்மச் சேமிப்பு வகை இல்லை. டெசிமல் என அறிவித்தாலும் பின்னம் ஈரடிமான மெய்யெண்ணாகவே சேமிக்கப்படும்.

இரண்டாவது தீர்வு முழுஎண். மிகச் சிறிய அலகை ஒன்றெனக் கொண்டு எண்ணுவது இது. கீழ்முந்திரியை அலகாகக் கொண்டால் 1 வேலி 1,02,400 அலகாகும். 32 பிட்டு இன்டிஜர் வகை 20,971 வேலி வரை தாங்கும். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளில் வேலியின் 52,42,88,00,000 பங்கில் ஒன்று வரை நிலம் அளக்கப்பட்டுள்ளது. அதனை அலகாகக் கொண்டால் 32 பிட்டு வகை ஒரு வேலியைக்கூடத் தாங்காது. 64 பிட்டு பிக்இன்ட் வகை 17 கோடி வேலிக்கும் மேல் தாங்கும். அதற்கு ஜாவாவில் லாங் வகை நிகராகும்.

காலம்

1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். இந்நாளை ஜாவாவின் லோக்கல்டேட் வகையிலும் தரவுத்தளத்தின் டேட் வகையிலும் இடையூறின்றி வைக்கலாம். பராந்தகன் கல்வெட்டின் காலத்தை அவ்வாறு வைத்தல் இயலாது. மைஎஸ்கியூஎல் தன் டேட் வகைக்கு உறுதியளிக்கும் வரம்பு 1000ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் வகை 1753இல் தொடங்குகிறது. வரம்பு விரிந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் சிக்கல் தீராது; கல்வெட்டு தருவது நாளன்று, ஆட்சியாண்டு. 'கோஇராசகேசரிவர்மர்க்கு யாண்டு' எனத் தொடங்கும் கல்வெட்டு எந்த இராசகேசரியைச் சுட்டுகிறது என்பதே சில இடங்களில் விவாதத்திற்குரியது. பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் எதிராமாண்டு இரண்டு எண்களைக் கொண்டது; கூட்டுத்தொகையை மட்டும் பதிந்தால் மூலப்பாடம் மறையும்.

ஆகவே ஆட்சியாண்டு, எதிராமாண்டு ஆகியவற்றைத் தனித்தனிச் சிறுமுழுஎண் நெடுவரிசைகளாகவும், மன்னர் அடையாளத்தை வேறு நெடுவரிசையாகவும் வைத்தல் வேண்டும். கணித்தறிந்த காலத்தை 'முந்தைய எல்லை', 'பிந்தைய எல்லை' என இரு முழுஎண்களாகப் பதிவதே பொருத்தமானது.

இன்மை

கல் சிதைந்து ஆட்சியாண்டு மறைந்த இடத்தைத் தரவுத்தளம் நல் எனும் வெற்றுமதிப்பால் குறிக்கும். ஜாவாவின் இன்ட் வகை வெற்றுமதிப்பை ஏற்காது. ஜேடிபிசி இடைமுகத்தின் கெட்இன்ட் வழி அந்நெடுவரிசையைப் படித்தால் 0 கிடைக்கும். முன்பு படித்த மதிப்பு வெற்றா என வாஸ்நல் வழி வினவாத நிரல், சிதைந்த ஆண்டைச் சுழிய ஆண்டாகக் கொண்டு மன்னன் முடிசூடிய ஆண்டிலேயே அக்கொடையைச் சேர்த்துவிடும். இன்டிஜர் எனும் பொருள்வகையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. பைத்தானில் நன் எனும் மதிப்பு இதற்கு நிகர்.

முடிவுரை

மேற்கண்ட நான்கிலும் ஒரே நெறி புலப்படுகிறது. நிரல்மொழியில் கைக்கெட்டும் வகையைக் கொண்டு நெடுவரிசையைத் தீர்மானித்தல் ஆகாது. கல்வெட்டுச் செய்தியின் இயல்பு முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும், இரு வகைகளும் அதற்கு அடங்க வேண்டும். கல்லில் கண்டதையும் ஆய்வாளர் கருதியதையும் ஒரே நெடுவரிசையில் கலவாமல் வைத்தால்தான் பின்வருவோர் மூலத்திற்குத் திரும்பிச் சரிபார்க்க முடியும். ஆதலின் நெடுவரிசை வகையைத் தேர்ந்தெடுத்தல் கணினியாளரிடம் மட்டும் விடத்தக்கதன்று. பாடம் படிக்கும் தமிழாய்வாளரும் அதில் பங்குகொள்ளுதல் இன்றியமையாதது.