சுடரா, சுருளா? உங்கள் வீட்டு அடுப்பு எது?

மாணவர்களே, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ பாத்திரக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். மண்பானை, பித்தளைப் பானை, இரும்புத் தோசைக்கல், அலுமினிய ஆப்பச் சட்டி, எவர்சில்வர் குண்டான் என்று எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். எரிவாயு அடுப்பு இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். இண்டக்ஷன் அடுப்போ சிலவற்றை மட்டுமே ஏற்கும். ஏன்? அதற்கான விடையில்தான் இரண்டு அடுப்புகளின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

எரிவாயுத் தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். வால்வைத் திறந்ததும் அது வாயுவாகி, காற்றோடு கலந்து எரிகிறது. சூடான வாயுக்கள் பாத்திரத்தின் அடியைத் தொட்டு, பக்கவாட்டில் வழிந்து மேலே போய்விடுகின்றன. இதனால் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் உணவுக்குப் போகிறது. மீதி வெப்பம் சமையலறையைச் சூடாக்குகிறது. நம் ஊர் வெயிலில் அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு ஏன் அப்படி வியர்க்கிறது என்பது இப்போது புரிகிறதா?

இண்டக்ஷன் அடுப்பில் சுடரே இல்லை. கண்ணாடித் தட்டின் கீழே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும். அடுப்பிலுள்ள மின்சுற்று அதை 20,000 முறைக்கும் மேல் அலைய வைத்துச் சுருளுக்கு அனுப்புகிறது. அப்போது சுருளைச் சுற்றி வேகமாக மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரும்பின் மின்தடை அந்த மின்னோட்டத்தை வெப்பமாக்குகிறது. ஆகவே, இங்கே பாத்திரமேதான் அடுப்பு! மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிப்பதும் இதைத்தான். ஏறக்குறைய 85 விழுக்காட்டு ஆற்றல் உணவுக்குப் போய்ச் சேர்கிறது.

மண்பானையில் மின்சாரம் ஓடாது. அலுமினியத்திலும் பித்தளையிலும் ஓடும்; ஆனால் அவை காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகங்கள், மின்தடையும் குறைவு. அதனால் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் போதிய வெப்பம் எழாது. எவர்சில்வரில் சில வகை ஏற்கும், சில வகை ஏற்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் பயன்படும். தட்டையான இரும்புத் தோசைக்கல் எளிதில் தேறிவிடும். குழிவான குவாலி, இரும்பாகவே இருந்தாலும், நடுவில் மட்டுமே தட்டைத் தொடும் என்பதால் சரியாகச் சூடேறாது.

சரி, செலவு எவ்வளவு? கணக்குப் போடுவோம். 2 லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குக் கொண்டுவர 2 × 4.2 × 72, அதாவது சுமார் 605 கிலோஜூல் வேண்டும்.

இண்டக்ஷனில் 85 விழுக்காடு பயன் என்றால் சுமார் 0.2 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு யூனிட் 40 சென் என்று வைத்துக்கொண்டால் 8 சென். எரிவாயுவில் பாதி வீணாகும் என்பதால் 1,210 கிலோஜூல் தேவை. ஒரு கிலோ எரிவாயு சுமார் 46,000 கிலோஜூல் தரும். ஆகவே, 26 கிராம் போதும். தீபகற்ப மலேசியாவில் 14 கிலோ தோம்பின் கட்டுப்பாட்டு விலை 26 ரிங்கிட் 60 சென். கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென். அப்படியானால் செலவு 5 சென்தான்!

குறைந்த ஆற்றலை எடுக்கும் அடுப்புக்குக் கூடுதல் செலவா என்று வியக்காதீர்கள். எரிவாயு விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் மானியமாக ஏற்கிறது. அந்த மானியம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

சுற்றுச்சூழல் கணக்கும் இப்படித்தான். 26 கிராம் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 80 கிராம் கரியமில வாயு வெளியாகும். நிலக்கரி மின்நிலையத்தில் 0.2 யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறக்குறைய 200 கிராம் வெளியாகும். தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. எனவே, கூரையில் சூரியத் தகடு இல்லாத வீட்டில், இண்டக்ஷன் என்றாலே பசுமை என்று சொல்லிவிட முடியாது.

வீட்டுக்குள் இருக்கும் காற்று வேறு கதை. சுடர் எரியும்போது நைட்ரஜன் டையாக்சைடும் உண்டாகிறது. அது மூச்சுக்குழாயை உறுத்தும் வாயு. சிறிய அடுக்குமாடி வீட்டில், சன்னலை மூடிவிட்டுச் சமைத்தால், ஆஸ்துமா உள்ள தம்பி தங்கைகளுக்கு நல்லதல்ல. ஆனால், மிளகாய் தாளிக்கும் புகையும் எண்ணெய்ப் புகையும் எந்த அடுப்பிலும் வரும். ஆகவே, சன்னலும் காற்று வெளியேற்றும் விசிறியும் இரண்டுக்குமே தேவை.

பாதுகாப்பை மறக்கக்கூடாது. தோம்பு வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். நாற்றம் வந்தால் விளக்கு, விசிறி எதன் சுவிட்சையும் தொடாதீர்கள். வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியேறுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பில் கசிவு இல்லை. ஆனால், 2,000 வாட் அடுப்பு சுமார் 8.7 ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். அதே நீட்டிப்புக் கம்பியில் 2,000 வாட் தண்ணீர்க் கெண்டியையும் செருகினால் 17 ஆம்பியரைத் தாண்டும். அதன் செருகியோ 13 ஆம்பியருக்கு உரியது. கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். சுவரிலுள்ள தனிச் செருகியில் மட்டும் போடுங்கள். தாத்தா பாட்டிக்கு இதயமுடுக்கி பொருத்தியிருந்தால், இயங்கும் அடுப்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முடிவு என்ன? பெரிய குடும்பம், குவாலி சமையல், காற்றோட்டமான அடுப்படி என்றால் எரிவாயு வசதி. காற்று குறைந்த சிறிய வீடு, மறதியுள்ள முதியவர் சமைக்கும் வீடு என்றால் இண்டக்ஷன் நல்லது. இரண்டையும் வைத்துக்கொண்டால் மின்தடை நாளிலும் சோறு வேகும். தோம்பு தீர்ந்த நாளிலும் தேநீர் கிடைக்கும்.

வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள பாத்திரங்களைக் காந்தத்தால் சோதியுங்கள். பிறகு, தெனாகா நேஷனல் கட்டண ரசீதை எடுத்து, 40 சென்னுக்குப் பதில் உங்கள் வீட்டு விலையைப் போட்டு மேலே உள்ள கணக்கை மீண்டும் செய்யுங்கள். வரும் விடையை அப்பா அம்மாவிடம் காட்டுங்கள்.