உறங்காத தாய், உறங்காத பிள்ளை

பிறந்த குழந்தை தூங்கித் தீர்க்கும். கண்விழித்துக் கிடப்பது அம்மாவின் பாடு. டால்பின் குடும்பத்தில் பிள்ளைக்கும் தூக்கம் கிடையாது என்று ஒரு செய்தி 2005-இல் வந்தது. பாட்டில்மூக்கு டால்பின்களையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர்காக்களையும் கவனித்த ஒலெக் லியாமின், ஜெரோம் சீகல் குழுவினர், பிறந்த முதல் மாதத்தில் தாயும் குட்டியும் ஓய்ந்து மிதக்கவே இல்லை என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எலியைத் தொடர்ந்து தூங்கவிடாமல் வைத்தால் சில வாரங்களில் செத்துப்போகும். இவை எப்படித் தாங்குகின்றன?

அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள் மறுத்தார்கள். டால்பின்களின் மூளையில் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும். ஆகவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீந்தியபடியே அவை தூங்குகின்றன என்பது இவர்கள் கட்சி. கைக்குழந்தை உள்ள வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கட்சிதான் நம்பும்படி இருக்கும்! எப்படியானாலும், நீச்சல் நிற்கவில்லை என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. நிற்கவும் முடியாது. பச்சைக்குட்டியின் உடலில் கொழுப்புப் போர்வை மெலிசு. மிதக்கும் சக்தி குறைவு. சுறாக்கள் வேறு.

தாயின் சிரமம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுமார் 12 மாதக் கர்ப்பம். நிறைமாதத்தில் வயிறு பெருத்து, நீரின் எதிர்ப்பு இரு மடங்காகிறது. பிரசவத்தில் பெரும்பாலும் வால்தான் முதலில் வெளியே வரும். தொப்புள்கொடி தானாக அறுபடும். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான குட்டி, கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் ஏற்பட்ட வெளிர் கோடுகளுடன், துவண்ட முதுகுத்துடுப்புடன் நீர்மட்டத்துக்குப் போய் முதல் மூச்சை இழுக்கும்.

கடலில் இதை நேரில் கண்டவர்கள் வெகு சிலர். நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி தொட்டிகளில் பார்த்தது. புளோரிடாவின் மரைன்லேண்ட் காட்சிக்கூடத்தில் 1953-இல் பிறந்த நெல்லி என்ற டால்பின், 61 வயது வரை அடைப்பிலேயே வாழ்ந்து 2014-இல் இறந்தது. (டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதியில்லை என்று இந்தியா 2013-இல் சொல்லிவிட்டது. நல்ல முடிவு.)

பால் குடிப்பதும் நீந்தியபடிதான். வயிற்றடியில் இரண்டு பிளவுகளுக்குள் காம்புகள் ஒளிந்திருக்கும். குட்டி நாக்கைக் குழல்போலச் சுருட்டிப் பொருத்தி, சில விநாடிகளில் குடித்துவிட்டு மூச்சுக்கு மேலே ஓடும். பசும்பாலைவிட மிகக் கொழுத்த பால். மற்ற நேரமெல்லாம் தாயின் விலாவை ஒட்டியே நீந்தும்; தாய் கிழித்துச் செல்லும் நீரோட்டம் அதை இழுத்துப்போகும். குட்டிக்கு லாபம், தாய்க்கு நஷ்டம்: அவளுடைய உச்ச வேகம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைகிறது.

டால்பின் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை உண்டு, பெயர் மாதிரி. 1970 முதல் ஆய்வாளர்கள் டால்பின்களைப் பின்தொடரும் புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 19 தாய்களின் ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டு 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. குட்டி பக்கத்தில் இருக்கும்போது அதே சீழ்க்கையைத் தாய் இன்னும் உச்சஸ்தாயியில் எழுப்புகிறாள். நாம் குழந்தையிடம் குரலை உயர்த்திக் கொஞ்சுவதில்லையா? அதே கதைதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே விரிகுடாவில் குட்டிகள் மூன்று, நான்கு ஆண்டுகள்கூடத் தாயோடு சுற்றுகின்றன. அங்கே சில தாய்கள் கடற்பஞ்சைப் பிய்த்து மூக்கில் உறைபோல் மாட்டிக்கொண்டு, அடிமணலைக் கிளறி மீன் பிடிக்கின்றன; கரடுமுரடான தரை மூக்கைக் கீறாது. கூடவே அலையும் மகள்கள் பெரும்பாலும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்கின்றன. அதே பாடத்தை அத்தனை ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்க்கும் மகன்களில் பாதிப் பேர்கூடப் பஞ்சைத் தொடுவதில்லை.