கார்ட்டூன் வழக்கா? முதலில் பிரிவு எண்ணைக் கேளுங்கள்

அரசியல் கேலிச்சித்திரம் ஒன்றின் மீது புகார் வந்தால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காவல் நிலையத்திலிருந்து போன் வரும். "சும்மா வந்து விளக்கம் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். வரைந்தவரோ பகிர்ந்தவரோ பதறிப்போய்ப் படத்தை அழிப்பார். தனியாக நிலையத்துக்குப் போய், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, செல்போனையும் ஒப்படைத்துவிட்டு வருவார். வழக்கறிஞரைத் தேடுவது அதற்கும் பிறகுதான். கருத்துச் சுதந்திரம் பற்றி இத்தனை பேசும் நாம், அந்த முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லித்தருவதில்லை. நீதிமன்றத்தில் நிற்காத வழக்குகள்கூட ஆண்டுக்கணக்கில் ஆளை அலைக்கழிப்பதற்கு இந்த அறியாமையும் ஒரு காரணம்.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைக் கண்டித்துக் கார்ட்டூனிஸ்ட் பாலா வரைந்த படத்தில் முதல்வரும் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் ரூபாய் நோட்டால் நிர்வாணத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். நவம்பர் 5 அன்று அவர் சென்னையில் கைதாகி நெல்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போடப்பட்டவை இந்திய தண்டனைச் சட்டம் 501, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. முதல் குற்றமாக இருந்தால் இரண்டுமே ஜாமீனில் விட வேண்டிய பிரிவுகள். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. ஆனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்தது 2021இல்தான். கொல்கத்தாவில் மம்தா பானர்ஜி பற்றிய கேலிப்படத்தைப் பகிர்ந்ததற்காக 2012இல் கைதான பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ராவின் கதை இன்னும் மோசம். அவர் மீது போடப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015லேயே செல்லாது என்று அறிவித்தும், அவர் வழக்கிலிருந்து விடுபட்டது 2023இல்.

ஆகவே போன் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வழக்குப் பதிவாகிவிட்டதா, எந்தப் பிரிவு? வெறும் புகார் மனு என்றால் சி.எஸ்.ஆர். எண்ணைக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் காவல்துறை இணையதளத்தில் நகல் எடுங்கள். தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவான அவதூறு மட்டும் இருந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவின்றி போலீஸ் விசாரிக்கவே முடியாது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள பிற பிரிவுகளில், கைது கட்டாயமில்லாதபோது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)இன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும்; அதை மதித்து ஆஜராகிறவரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. எழுத்து, பேச்சு தொடர்பான, மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள புகார்களில் பி.என்.எஸ்.எஸ். 173(3)இன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்று இம்ரான் பிரதாப்கரி வழக்கில் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவென்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழுள்ளவர் விசாரிக்க முடியாது. இவ்வளவும் காவல் நிலையங்களுக்குத் தெரியாததல்ல. நாம் கேட்காதவரை அவர்களும் சொல்வதில்லை.

தனியாகப் போகாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். செல்போனையோ கணினியையோ எடுத்தால், அதன் வரிசை எண் குறித்த மகஜர் நகலை வாங்காமல் விடாதீர்கள்; கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105ஆம் பிரிவு சொல்கிறது. படத்தின் மூலப்பிரதியை, தேதியோடும் அதற்குத் தூண்டிய செய்தியோடும் பத்திரப்படுத்துங்கள். பொதுநலன் கருதி வரைந்தது என்பதற்கு அதுதான் சான்று. கைது செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும், எண் 15100. முன்ஜாமீனுக்கு பி.என்.எஸ்.எஸ். 482, வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் 528. மீண்டும் சொல்கிறேன்: தனியாகப் போகாதீர்கள்.

கேலி என்ற பெயரில் எதையும் வரையலாமா என்று கேட்பார்கள். கூடாது. சாதியையும் மதத்தையும் இழிவுபடுத்தும் படங்களுக்கும், ஒருவர் மீது பொய்யாகக் களங்கம் சுமத்தும் படங்களுக்கும் சட்டத்தில் பிரிவுகள் உண்டு. பிறர் விஷமமான வாசகம் சேர்த்துப் பகிரும் உங்கள் படத்தை நீங்களே வழிமொழிந்தால் பொறுப்பும் உங்களைச் சேரும். கார்ட்டூனிஸ்ட் ஹேமந்த் மாளவியா 2021இல் வெளியிட்ட கார்ட்டூனுக்கு 2025இல் இந்தூரில் வழக்கு வந்தது இப்படித்தான். உயர் நீதிமன்றம் மறுத்த பாதுகாப்பை உச்ச நீதிமன்றத்தில்தான் அவர் பெற முடிந்தது. ஆனால் அவமதிக்கப்பட்டதாக நினைக்கும் அமைச்சருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 222ஆம் பிரிவின்படி, அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞர் மூலம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் தரலாம். அதையும் இயந்திரம்போலத் தாக்கல் செய்யாமல் அரசு வழக்கறிஞர் சுயமாக ஆராய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் அறிவுறுத்தியது. இந்த வழி திறந்திருக்கும்போது, விடியுமுன் வீட்டு வாசலுக்குப் போலீஸை அனுப்ப எந்த நியாயமும் இல்லை.

அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமையை நீதிமன்றம் கடைசியில் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் மெத்தனமாக இருந்தால், பதினொரு ஆண்டுகள் கழித்து வரும் விடுதலையே மிச்சம். வரைகிறவர்களும் பத்திரிகை நடத்துகிறவர்களும் அன்றாடம் பகிர்கிறவர்களும் இன்றே ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் 15100ஐயும் தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவையுங்கள். போலீஸ் வந்தால் முதலில் கைமாறுவது உங்கள் செல்போன்தான்.