எங்கள் ஊரில் நிற்கும் வண்டி

ஊத்துக்குளி ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் சமூக அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஓராண்டு எட்டாம் வகுப்பு மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம். பணம் கட்ட முடியாமல் பாதிப் பேர் பெயர் கொடுக்கவில்லை. ஒரு மாணவன் சொன்னான்: "நீங்க போயிட்டு வாங்க சார். நான் அன்னைக்கு லீவு போட்டுக்கறேன்." அவனுடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர்.

பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பக்கத்திலேயே எங்காவது போகலாமா?" என்று கேட்டேன். "வரலாறெல்லாம் மெட்ராஸ், தஞ்சாவூர்லதானுங்க சார் இருக்குது?" என்று பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு விடை எங்கள் தண்டவாளத்திலேயே இருந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக நீண்டு, 1862இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரோடு இணைந்தது. நீராவி வண்டியால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டத் தாழ்வான வழி பாலக்காட்டுக் கணவாய்தான்.

அதே கணவாயை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்கள் பயன்படுத்தினார்கள். முசிறித் துறைமுகத்தையும் கரூரையும் இணைத்த பெருவழி கொங்கு நாட்டைக் கடந்தே சென்றது. அந்த வழியில் நொய்யல் கரையில் இருந்த ஊர் கொடுமணல். அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த தொழிற்கூடத் தடயங்கள், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடுவது இந்த ஊரையே என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஊத்துக்குளிப் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் ரோமானிய நாணயங்கள் கிடைத்தன.

வகுப்பில் ஒரு நீளமான தாளில் தண்டவாளம் வரைந்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் அருகில் உள்ளதை எழுதச் சொன்னேன். ஈங்கூரில் இறங்கினால் நெசவுக்குப் பெயர் பெற்ற சென்னிமலை. அடுத்தது விஜயமங்கலம். அங்கே பழைய சமணக் கோயில் இருக்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் அது என்பது மரபு. பிறகு வெண்ணெய்க்குப் பேர்போன எங்கள் ஊத்துக்குளி. அதற்கப்பால் திருப்பூர்.

பெற்றோர் ஒப்புதலும் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்று, ஒரு சனிக்கிழமை பாசஞ்சர் வண்டியில் திருப்பூருக்குப் போனோம். கட்டணம் மிகக் குறைவு என்பதால் வகுப்பே வந்தது. நிலையத்துக்கு அருகிலேயே கொடிகாத்த குமரன் நினைவகம். 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் கொடியோடு சென்றபோது தடியடிபட்டு, மறுநாள் உயிர்நீத்தவர் அவர். 1904இல் சென்னிமலையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் என்று சொன்னேன்.

"சென்னிமலை எங்க அப்புச்சி ஊருங்க சார்! அவங்களும் தறிதான் ஓட்டுனாங்க" என்றான், லீவு போடுவதாகச் சொன்ன அதே மாணவன். திரும்பும் வழியெல்லாம் அவன்தான் மற்றவர்களுக்கு ஈங்கூர் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டு வந்தான்.

ஆசிரியர்கள் தங்கள் பகுதியிலும் இதைச் செய்து பார்க்கலாம். அருகில் உள்ள நிலையத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: தண்டவாளம் ஏன் இந்த வழியாக வந்தது? அதற்கு முன் இங்கே எந்த வழி இருந்தது? அடுத்த மூன்று நிலையங்களில் இறங்கினால் என்ன பார்க்கலாம்? கால அட்டவணையைக் கொடுத்தால் கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும். விடைகளில் சிலவற்றைப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமிருந்தே கொண்டு வருவார்கள்.

மாமல்லபுரத்துக்கும் ஒருநாள் போகத்தான் வேண்டும். ஆனால் யாரும் லீவு போட வேண்டியிராத பயணம் முதலில் நடக்கட்டும்.